காலை ஆறரை மணி வானொலியும் உன் அப்பாவின் பேச்சும்

அன்புள்ள சிஹோவுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியையும் உன் அப்பாவையும் தவிர இங்கே எனக்கு வேறு குறை ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், கோடையிலும் அந்த வெளிநாட்டில் மழை விடவில்லை என்கிறாய், ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. ஓபோன் பண்டிகை நல்லபடியாக முடிந்தது. முன்னோர்கள் ஏறி வர வெள்ளரிக்காயில் குச்சி குத்திக் குதிரை செய்து வைத்து, வந்தவர்களுக்கு விளக்கேற்றி, வழியனுப்பியும் வைத்தாயிற்று. போகிற போக்கில் இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லிவிட்டுப் போங்கள் என்று உன் தாத்தாவிடம் கேட்டுக்கொண்டேன், அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. போனில் பேசாமல் எதற்கு இவ்வளவு தாளைச் செலவழிக்கிறாய் என்று கேட்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, உன் அப்பாவும் கூடத்தில்தான் இருக்கிறார். பேச்சுதான் போயிற்றே தவிர அவருக்குப் பாம்புக் காது. அதனால் அவர் தூங்கும்போது அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன், நடுவில் தாண்டாமல் கடைசி வரைக்கும் படி, முக்கியமான சங்கதி கடைசியில்தான் இருக்கிறது.

போன குளிர்காலத் தொடக்கத்தில் மூளையில் ரத்தம் அடைத்து வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போனதும், வசந்தத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நீ அறிந்ததுதான். அதற்கப்புறம் நான் பட்ட பாட்டை நீ அறியமாட்டாய். உப்பைக் குறை, தினம் நட, நேரத்துக்குத் தூங்கு என்று டாக்டர் மூன்றே மூன்று சொன்னார். மூன்றுக்கும் உன் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மிஸோ சூப்பில் உப்பு குறைந்தால் கிண்ணத்தைத் தள்ளி வைப்பார். முள்ளங்கி ஊறுகாய் ஜாடியைக் குளியலறையில் ஒளித்து வைத்தேன். நடைப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் கால் வராது என்று கண்ணை மூடிக்கொள்கிற மனுஷன், ஊறுகாய்க்கு மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரைக்கும் போயிருக்கிறார்! வாயெல்லாம் மஞ்சள். பேசாமல் ஜாடியை வாரத்துக்கு நாலு முழம் தள்ளித் தள்ளி வைத்தால் ஊரையே சுற்றி வந்துவிடுவார் என்று தோன்றியது. இந்த லட்சணத்தில் நீ வேறு, இசையும் உடம்பசைவும் மூளைக்கு மருந்து என்று யாரோ ஜெர்மன் டாக்டர் பேசுகிற வீடியோவை அனுப்பி வைத்தாய். எனக்கு ஜெர்மன் தெரியாது, உன் அப்பாவுக்குப் பொறுமை தெரியாது. நீ சொன்னாயே என்று பியானோ இசையைப் போட்டுவிட்டேன், குறட்டைதான் வந்தது.

இத்தனைக்கும் உடற்பயிற்சி என்றால் ஊரையே அதட்டியவர். மீன்வலை ஆலையில் இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன்னால் முற்றத்தில் வானொலியை வைத்து, அதில் வருகிற பியானோ மெட்டுக்கு எல்லாரும் கைகாலை ஆட்ட, மரமேடை மேல் ஏறி நின்று எண்ணியது யார்? ஓய்வு பெற்ற பிறகும் கோடை விடுமுறை வந்தால் வானொலியைத் தூக்கிக்கொண்டு கோயில் திடலுக்குப் போய், கழுத்தில் வருகை முத்திரை அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் வருகிற பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, முழங்கையை மடக்கினவனுக்கு முத்திரை கிடையாது என்று விரட்டியது யார்? நம் பக்கத்து வீட்டு ஹிசாயோ எழுபதைத் தாண்டியவள், அவளையும் விட்டாரா? அதே ஆள் இப்போது ஒரு கை தொங்க, அந்தத் திடலில் போய் நிற்பாரா? மாட்டார். விடுமுறை தொடங்கியதும் காலை ஆறரைக்குத் திடலிலிருந்து அந்தப் பியானோச் சத்தம் கேட்கும், உடனே ஜன்னலைச் சாத்து என்று கையைக் காட்டுவார். ஜூலை மாதப் புழுக்கத்தில், மீன் வறுக்கிற அடுப்புக்குப் பக்கத்தில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு நான் வேக வேண்டும்.

பேச்சுப் பயிற்சிக்கு தெராய் என்று ஒரு சின்னப் பெண் வாரம் தவறாமல் வருகிறாள், தங்கமான பெண். பூனைப் படத்தைக் காட்டுவாள், குடைப் படத்தைக் காட்டுவாள், உன் அப்பா அவளுக்கு முதுகைக் காட்டுவார். ஒருநாள் என்னைக் காட்டி, இவங்க யாருன்னு சொல்லுங்க பாப்போம் என்றாள். உன் அப்பா என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடினார். அந்தப் பெண் பாவமே என்று என்னை ஒரு பார்வை பார்த்தாளே, அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அதோடு விட்டதா? நகராட்சியிலிருந்து ஷிமோடே என்ற அதிகாரி வந்து பார்ப்பார், பெண்டாட்டியையே தெரியவில்லை, புத்தியும் போய்விட்டது என்று அவர் எழுதிவிட்டால் பேச்சுப் பயிற்சி நின்றுவிடும், எல்லாம் மறந்தவர்களோடு சேர்த்துப் பகல் விடுதியில் உட்கார வைத்துக் காகிதம் மடிக்கச் சொல்வார்கள் என்று தெரிந்தது. புத்தி போகவில்லை சிஹோ. ஒளித்த ஊறுகாயைக் கண்டுபிடிக்கிற புத்தி எங்கே போகும்? ஆனால் இதை யாரிடம் போய் நிரூபிப்பது?

அந்தக் கவலையில் ஒருநாள் காலை எனக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது. பியானோ ஆரம்பித்தது, அவர் ஜன்னலைக் காட்டினார். செத்தாலும் சாத்தமாட்டேன், வேணும்னா நீங்களே எழுந்து சாத்திக்குங்க என்று கத்திவிட்டு மீனைத் திருப்பப் போய்விட்டேன். திரும்பிப் பார்க்கிறேன், உட்கார்ந்த இடத்திலேயே உன் அப்பாவின் இடக்கை மேலே போய்க்கொண்டிருக்கிறது. முகம் வேறு எங்கோ பார்க்கிறது, கை அது பாட்டுக்குப் போகிறது. அதைப் பார்த்து வலத்தோளும் ஒரு உதறு உதறி, அந்தச் செத்த கை இடுப்பு வரைக்கும் எழும்பியது. அப்புறம் ஆலை முற்றத்துக் குரலில், கணீரென்று, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு! மீன் கரியானது. பியானோ நின்றதும் குரலும் நின்றது, அவரும் பேந்தப் பேந்த விழித்தார்.

நல்ல காலம் வந்தது என்று நினைக்காதே, அதற்கப்புறம்தான் வேடிக்கை. எண் மட்டும் வருகிறது, வேறு எதுவும் வரவில்லை, ஆகவே எண்ணிலேயே குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டார். அஞ்சு, ஆறு என்று அதட்டுவார், நான் செய்தித்தாளைக் கொண்டு போவேன், ஏழு என்று உறுமுவார், கண்ணாடியைக் கொண்டு போவேன், எட்டு என்று கையைத் தட்டுவார். கடைசியில் பார்த்தால் முதுகு அரிக்கிறது. தெராய்ப் பெண் கேட்டுவிட்டுக் கைதட்டிக் குதித்தாள். பேசுகிற வழி அடைத்துக்கொண்டாலும் பாட்டும் பழக்கமும் வருகிற வழி வேறு, அது திறந்திருக்கிறது, அந்த வழியாகவே சொல்லையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வரலாம் என்றாள். தினமும் அந்த மெட்டுக்குக் கையைத் தூக்கி, எண்ணுகிற இடத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு சொல்லை வைக்க வேண்டுமாம். முதலில் வந்த சொல் எது என்று நினைக்கிறாய்? சோறு. வேறெது வரும்! கையைத் தூக்கினால்தான் சொல் வரும் என்பதால், பசித்தால் போலீஸிடம் சரணடைகிறவர் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு சோறு என்பார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஆறு மணிக்குத் தானே எழுந்து அந்தப் பியானோவுக்காகக் காத்திருக்க ஆரம்பித்த பிறகு ராத்திரித் தூக்கம் ஒழுங்காக வருகிறது, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, உப்பில்லாத சூப்பையும் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது குடித்துவிடுகிறார்.

இப்படி இருக்கும்போது ஷிமோடே வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும், மரியாதையான மனுஷன்தான். தெராயும் கூட இருந்தாள். உங்க பேரு என்ன, இது என்ன மாசம் என்று கேட்டார், உன் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியதே தவிர வாய் திறக்கவில்லை. வானொலி மெட்டைப் போடட்டுமா என்று கேட்டேன், அதெல்லாம் வேணாம்மா, கேக்கறதுக்குப் பதில் சொன்னாப் போதும் என்றார். அப்புறம் என்னைக் காட்டி, இவங்க பேரைச் சொல்லுங்க என்றார். மறுபடியும் அதே கதை. வாய் திறந்தது, மூடியது. ஷிமோடே எழுதக் குனிந்தார். எழுதாதீங்க, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுஷன் ஒரு தடவைகூட என் பேரைச் சொன்னதில்லே, வாய் நல்லா இருந்தப்பவே வராத பேரு இப்ப எங்கேர்ந்து வரும் என்று அதிகாரி என்றும் பாராமல் கத்திவிட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, அப்ப உங்களை எப்படித்தான் கூப்பிடுவாரு என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து, மெட்டும் இல்லாமல் கையும் தூக்காமல், நாற்பது வருஷத்து எரிச்சல் அத்தனையும் சேர்ந்து, ஓய் என்று ஒரு சத்தம்! தெராய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஷிமோடே காது வரைக்கும் சிவந்து போய், எங்க வீட்லயும் அப்படித்தாம்மா என்று முணுமுணுத்தார். பிறகு கேள்வியை மாற்றி, கண்ணாடியை எடுங்க, ஜன்னலைக் காட்டுங்க, இந்த ரெண்டு படத்தில எது பழசு என்று கேட்க, உன் அப்பா ஒன்றுவிடாமல் சரியாகச் செய்தார். பேச்சுப் பயிற்சி நிற்காது என்று சொல்லிவிட்டுத்தான் அவர் செருப்பை மாட்டினார்.

ஆனால் எனக்குக் கோபம் ஆறவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டைத் தட்டில் வைத்ததோடு சரி, முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலை எழுந்து வந்தால் உன் அப்பா வாசலில் தடியோடு நிற்கிறார். தானே ஷூ மாட்டியிருக்கிறார், இடம் வலம் மாறியிருந்தது. கோயில் திடலைக் கையால் காட்டினார். போய்ச் சேர்ந்தோம், மேடைப் பக்கம் போகவில்லை, கடைசி வரிசைக்கும் பின்னால் போய் நின்றார். ஹிசாயோ திரும்பிப் பார்த்துவிட்டு, உன் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோகுஜிசான், முழங்கையை மடக்காதீங்க, முத்திரை கிடையாது என்று ஒரு போடு போட்டாளே பார்க்கலாம்! திடலே சிரித்தது. கோபித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாரோ என்று எனக்கு உயிரே இல்லை. அவர் கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றார், பியானோ வந்தது, கை போனது, எண்ண வேண்டிய இடத்தில் அத்தனை பேர் கேட்க, மி-சா-வோ! மி-சா-வோ! பிள்ளைகள் என்ன லேசுப்பட்டதுகளா, அதுகளும் கையைத் தூக்கி மி-சா-வோ என்று சேர்ந்துகொண்டன. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. நாற்பது வருஷமாகப் பெட்டிக்குள் வைத்திருந்த பெயரை இப்படி நடுத்திடலில் ஏலம் போட வேண்டுமா என்று வீடு வரும் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷமாக இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். இப்போது மூச்சுக்கு மூச்சு மிசாவோதான். மீன் கடையில் மிசாவோ, கழிப்பறையிலிருந்து மிசாவோ. காது புளித்துப் போய், பழையபடி ஓய் என்றே கூப்பிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்துவிட்டேன். கேட்டால்தானே.

நீயும் உன் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள். கழுத்து வலி, கழுத்து வலி என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடியும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயே போய்க் குந்துகிறாய். அந்த ஜெர்மன் டாக்டர் வீடியோவை எனக்கு அனுப்பினாயே, நீ பார்த்தாயா? எழுந்து கையை ஆட்டு, ஜன்னலைத் திற, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்காதே. சரி, இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். திடலில் எல்லாரும் கலைந்து போன பிறகு உன் அப்பா மட்டும் தனியாக நின்று இன்னொரு முறை கையைத் தூக்குகிறார். இப்போது அந்த இடத்தில் உன் பெயரை வைத்துப் பார்க்கிறார். சி வருகிறது, ஹோ வரவில்லை. தடியால் தரையை அடிக்கிறார், மறுபடியும் தூக்குகிறார். போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு இங்கிருந்து போன் வந்தது, ஹலோ ஹலோ அம்மா, ஒண்ணும் கேக்கலை, லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டதாக அப்புறம் என்னிடம் சொன்னாய் அல்லவா? லைன் சரியாகத்தான் இருந்தது. அது நான் இல்லை. நான் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், அவரே பொத்தானை அழுத்திக் கூப்பிட்டிருக்கிறார். நான் உள்ளே வந்தபோது நீ வைத்துவிட்ட பிறகும் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஊறுகாய் கொடுத்தும் சாப்பிடவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான் கூப்பிடுவார், நான் பக்கத்தில் நிற்கமாட்டேன். வெறும் மூச்சுதான் கேட்கும். ஹலோ சொல்லாதே, அவசரப்படுத்தாதே, அழாதே. எழுந்து நில், கையைத் தூக்கு, அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே அவரோடு எட்டு வரைக்கும் எண்ணு. அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திரு. எவ்வளவு நேரமானாலும் நீயாக வைத்துவிடாதே.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, மனசு ஒத்து நெடுநாள் வாழ வேண்டும். காய வைத்த கெல்ப் கடற்பாசியும் சின்ன நெத்திலியும் கப்பலில் அனுப்பியிருக்கிறேன், சூப்பில் போடு, உப்பை மட்டும் குறைத்துப் போடு. ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே.

உன் அம்மா
மிசாவோ