உன் கைக்குப் பார்த்து எடுத்த கரண்டிகள்

சிலிபின்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள முத்தம்மா அக்காவுக்கு, இதை யாருக்கும் காட்டாதே, மச்சானுக்குக்கூட. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் இதே உறைக்குள் தனியாக இருக்கிறது, அதை மட்டும் அவரிடம் கொடு, இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இங்கே அம்மா நலம், அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ அங்கே சுகமாக இருக்கத்தான் முருகனை வேண்டிக்கொண்டேன்.

போன மாதம் நீ எழுதிய கடிதத்தில், தைப்பிங்கில் தனிக்குடித்தனம் போகப்போகிறோம், கரண்டி சாமான்களை நவமணியே பார்த்து எடுக்கட்டும் என்று இருந்தது. அம்மாவுக்கு அதை உரக்கப் படித்துக் காட்டியவள் நான்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஈப்போவில் உடையப்பன் கடையில் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். தைப்பிங் மழைக்கு இரும்பு துருப்பிடிக்கும் என்று குழிக்கரண்டியைப் பித்தளையில் எடுத்தேன். உன் கட்டை விரலில் சூட்டுத் தழும்பு இருக்கிறதே, அதற்காகத் தோசைக்கரண்டிக்கு மரப்பிடி கேட்டேன். சிரட்டை அகப்பையில் மட்டும் எட்டைத் தள்ளிவிட்டு ஒன்பதாவதை எடுத்தேன், குழம்புச் சட்டியின் அடிவரைக்கும் போகிறதா என்று அங்கேயே ஒரு சட்டியை வாங்கி அதற்குள் விட்டுப் பார்த்தேன். உடையப்பன், என்னா தங்கச்சி, மாமியாக்காரி தோத்துப்போவா போல இருக்கே, இப்புடித் தட்டித் தட்டிப் பாக்குறே என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நானும்தான் அக்கா சிரித்தேன்.

இன்று சாயங்காலம் சாமான்கள் பெயர் வெட்டி வந்தன. எண்ணெய்ப் பிசுக்குப் போகப் புளி போட்டுத் தேய்த்தேன். குழிக்கரண்டியின் காம்பைத் திருப்பினேன், பத்துமலை நவமணி என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. உன் பெயரைக் காணோம். ஒவ்வொன்றாகத் திருப்பினேன், எல்லாவற்றிலும் என் பெயர், பக்கத்தில் மச்சானின் தம்பி பத்துமலையின் பெயர். அம்மாவிடம் ஓடினேன். பாத்துட்டியா, நல்லதாப் போச்சு, ஒங்க அக்கா கொழுந்தன் வேத்தாளா என்ன, ரெண்டு பேரும் ஒரே வீட்டுல ஒத்தாசையா இருங்க, நீயாப் பொறுக்குன சாமான்தானே, இப்ப எதுக்குடி மூஞ்சியத் தூக்குறே என்றாள். ஒங்க அக்காதான் சொன்னா, அவ கையாலயே எடுத்தா அழாமப் போயிருவான்னு என்றும் சொன்னாள். தீபாவளிக்கு வந்திருந்தபோது சொன்னாயாம். அப்படியானால் தனிக்குடித்தனம் என்பதும் பொய்தானா?

ஆறாவது முடித்தால் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்துக்கொள்வதாக வீரம்மா டீச்சர் சொன்னது உனக்குத் தெரியும். முதலில் உன்னிடம்தானே ஓடிவந்து சொன்னேன். எனக்குப் பதின்மூன்று வயது அக்கா. உன் கைக்கென்று பார்த்து எடுத்ததை எல்லாம் என் கையில் கொடுத்து அனுப்பப் போகிறார்கள்.

சாப்பிட்டதும் அம்மா என்னைக் கூப்பிட்டு, கல்யாணத்தைத் தை மாதமே வைத்துக்கொள்ளலாமா என்று உன்னைக் கேட்டு எழுதச் சொன்னாள். ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். மாற்றியிருந்தாலும் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. உன் பதிலையும் நான்தான் படித்துக் காட்டுவேன். இதுவரை எதையும் நான் மாற்றிப் படித்ததில்லை, என்னைப் பொய் சொல்ல வைக்காதே. தங்கச்சி படிக்கட்டும் என்று ஒரே ஒரு வரி நீ எழுதினால் போதும், அம்மா நீ சொன்னால் கேட்பாள். தை மாதம் சரி என்று எழுதினாயானால், அதையும் அம்மா முன்னால் உட்கார்ந்து என் வாயாலேயே உரக்கப் படிக்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டு எழுது.

குழிக்கரண்டியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அடுப்பங்கரைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், ஆணியால் சுரண்டினால் பெயர் போகிறதா என்று பார்த்தேன், உன் கொழுந்தன் பெயரில் முதல் எழுத்து கொஞ்சம் மங்கி

அம்மா கதவைத் தட்டுகிறாள்