கேமரா போடாத மாணவி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நானும் நம் பெண் சின்னவளும் நலம். நீ நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, சந்தேகப்பட்டுத்தான் கேட்கிறேன். வெளியூரில் வேலையில் இருக்கிற நீ, போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

என் ஆன்லைன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் வகுப்பு எப்படிக் கிடந்தது என்று உனக்கே தெரியும். இருபத்து மூன்று கறுப்புக் கட்டம், ஒரு வாய் திறக்காது. பிள்ளைகள் பேசவில்லையென்றால் மாதக் கடைசியோடு மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

அப்போதுதான் 'கடைசி பெஞ்ச்' என்ற பெயரில் ஒரு மாணவி வந்து சேர்ந்தாள். முகமும் இல்லை, குரலும் இல்லை, எழுத்து மட்டும். தனியாப் பிரிச்சுப் போட்டுட்டு முழிக்காதீங்க, ரெண்டு ரெண்டு பேரா சேருங்க என்றாள். கழற்றிய பாகத்தைப் போட்டோ எடுத்துப் போடச் சொல்லி எல்லாரையும் விரட்டினாள். இப்போது என்னைக் கேட்காமலே ஒருத்தனுக்கு ஒருத்தன் பழுது பார்த்துக்கொள்கிறார்கள். வகுப்பு பிழைத்துவிட்டது.

நானோ, என்னை வேவு பார்க்க நிர்வாகம் அனுப்பிய ஆளோ என்று பயந்தேன்.

போன வாரம் ஒரு பையனின் கம்ப்ரஸர் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. உடனே கடைசி பெஞ்ச், ஐயோ பாவம், ஃப்ரிட்ஜுக்கு விக்கல் என்று எழுதினாள். அடிப்பாவி! ஃப்ரிட்ஜுக்கு விக்கல் என்று சொல்கிற ஆள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

சிரித்துவிட்டேன். என் பெண்டாட்டி இத்தனை கெட்டிக்காரியா என்று கர்வமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் காலை எட்டு முதல் நாலு வரை போனைத் தொடவே விடமாட்டார்கள் என்று சொன்னவள் நீதானே? சாயங்கால வகுப்பைத் திடீரென்று காலை பத்து மணிக்கு மாற்றிப் பார்த்தேன். முதல் ஆளாக வந்து நின்றாய். ஒன்றரை மணி நேரம் உன் நெட் ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. நானும் சின்னவளும் முகத்தைக் காட்டச் சொன்னால் மட்டும் இரண்டு மாதமாக அறுந்துபோகிறதே, அது எப்படி?

வேலை போய்விட்டதா? உடம்புக்கு ஏதாவதா? படுத்த படுக்கையாக இருந்துகொண்டுதான் என் வகுப்பைத் தூக்கி நிறுத்தினாயா? என்னென்னவோ தோன்றுகிறது. சோறு இறங்கவில்லை. சின்னவளிடம் எதுவும் சொல்லவில்லை.

கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் திட்டமாட்டேன், சத்தியம்.

இனி வியாழக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு வகுப்பு அறையைத் திறந்து வைத்திருப்பேன். மற்றவர்களிடம் அன்றைக்கு விடுமுறை என்று சொல்லிவிட்டேன். நான் மட்டும்தான் இருப்பேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் வா. சிகிச்சையில் தலைமுடி கொட்டியிருந்தாலும் பரவாயில்லை, கேமராவைப் போடு.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வீட்டுக்காரன்