மூன்றாவது மிஷினில் ஒரு சீட்டு

மார்ச் 4, செவ்வாய்
நூலகத்தில் கணினி அறையைத் திறந்ததும் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, டீ குடிக்கப் போனவரு இன்னும் வரலையா?" மூன்றாவது மிஷினைக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

திரையில் ஒரு மஞ்சள் சீட்டு, காகிதமில்லை, கணினிக்குள்ளேயே தட்டி வைத்தது: 'டீ குடிக்கப் போறேன். இதோ வந்துடறேன்.' ரிப்பேர் பார்த்த திருப்புளி அண்ணன் எழுதியது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளி நிற்கும், அதனால் அந்தப் பெயர். பகலில் யார் என்ன குப்பையைப் போட்டாலும், அணைத்துப் போட்டால் மிஷின் பூட்டிய நாளில் இருந்தபடியே வந்து நிற்கும். அந்தப் பூட்டு மென்பொருளைப் போட்டவர் அவர்தான். மூன்றாவதில் பூட்டு ஏறும்போது யாரும் தொடக் கூடாதென்று சீட்டு எழுதினார். சீட்டும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. பார்த்துவிட்டுக் கத்தினேன். "வந்து எடுக்கறேன், உயிர வாங்காத கலெக்டரம்மா" என்று கிளம்பினார். டீக்கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்தான், எழவே இல்லை.

மார்ச் 6, வியாழன்
தலைமை நூலகர் கூப்பிட்டார். "திங்கட்கிழமை புது மென்பொருள் ஏத்தணும். பூட்டத் திறக்கறப்ப அந்தச் சீட்டையும் தூக்கிடுங்க. பாக்கறவங்க சிரிக்கிறாங்க."

சரி சார் என்றேன். கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. மனசுதான் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி
திருப்புளி அண்ணன் மனைவியிடம் சொல்லாமல் எப்படி எடுப்பது? ஃபோன் போட்டேன். சாயங்காலம் அண்ணி வந்தார். சீட்டைப் பார்த்தபடி நின்றார்.

"அன்னைக்குக் காலைல சண்டைம்மா. ஈரத் துண்டக் கட்டில்ல போட்டுட்டாருன்னு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். போயிட்டு வாங்கன்னுகூடச் சொல்லல."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, சீட்டின் அடியில் தட்டினார்: 'போயிட்டு வாங்க.' முகம் கொஞ்சம் தெளிந்தது. பூட்டிய மிஷின், காலையில் இது இருக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 8, சனி
இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்று அண்ணி நூலகம் திறந்ததுமே வந்துவிட்டார். திரையில் அண்ணன் வரி மட்டும்.

"நான் எழுதினது எங்கம்மா?"

விளக்கினேன். நேற்றே சொல்லித் தொலைத்திருக்கலாமே — சே, என்ன ஜென்மம் நான்!

"அப்போ அவர் எழுதினா நிக்கும், நான் எழுதினா நிக்காதா? இருந்தப்பவும் இப்படித்தான், அவர் சொல்றதுதான் கடைசி." கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது சிரித்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

மார்ச் 9, ஞாயிறு
எடுக்கப் போவதில்லை. வாங்கிக் கட்டிக்கொள்வேன். பரவாயில்லை.

மார்ச் 10, திங்கள்
எல்லாவற்றிலும் புது மென்பொருள் ஏற்றிப் பூட்டினேன். மூன்றாவதை மட்டும் பூட்டாமல் வைத்துக்கொண்டு, வரச்சொல்லியிருந்த அண்ணிக்காகக் காத்திருந்தேன். அண்ணி வந்தார், சீட்டின் அடியில் அதே வரியை மறுபடி தட்டினார். நான் பூட்டினேன். நிமிர்ந்தால் பின்னால் தலைமை நூலகர்!

"எடுக்கச் சொன்னேனே..." என்று ஆரம்பித்தவர், கீழே இருந்த வரியைப் படித்தார். அண்ணியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த மிஷின என் ரூம்ல போட்டுடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 11, செவ்வாய்
தலைமை நூலகர் அறையில் மூன்றாவது மிஷினைப் போட்டேன். அது எழுந்து வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அண்ணிக்கு ஃபோன் போட்டேன்.

"ரெண்டும் இருக்கு அண்ணி."

"சரிம்மா, வச்சிடறேன். அவர் துண்ட இன்னைக்குத்தான் துவைச்சேன். காயப் போடணும்."