மாற்றி ஒட்டிய நம்பர்

பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ, மருமகள், குழந்தை மூவரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதப் போனேன், கை வரவில்லை. டாக்டர் பிரஷர் மாத்திரையை இரண்டாக்கிவிட்டார். கூடத்துச் சுவரில் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்கிறது. உன் தங்கை சின்னவள் சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள், வாயைத்தான் திறப்பதில்லை.

போனில் நீ என்னைப் பேச விட மாட்டாய். உன் அப்பாவின் வாய்ச் சாமர்த்தியம் உனக்கும் இருக்கிறது. அவர் அதை வைத்து வாடிக்கை பிடித்தார், நீ அதை வைத்து என்னை மடக்குகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். முழுதும் படி.

போன வியாழக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் இது. “அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடும்மா, யாருக்கும் தெரிய வேணாம்” என்றாய். போட்டுவிட்டால் என்னை அங்கே அழைத்துக்கொள்வேன், பேரனோடு இருக்கலாம் என்றாய். பெற்றவளை இவ்வளவு மலிவாக எடை போடுவாய் என்று நான் நினைக்கவில்லை.

அது என்ன நோட்டு என்று உன் மனைவிக்குத் தெரியாமல் இருக்கலாம். அவளும் இதைப் படிக்கட்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன். உன் அப்பா லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஆரம்பித்தபோது ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. பராமரிக்க எடுத்த ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் நம் வீட்டு நம்பரை அச்சடித்து ஒட்டினார். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் நான்தான் எடுப்பேன். பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு, கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க என்று கதவு திறக்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். அடுப்பில் தீய்ந்த பாத்திரங்களுக்குக் கணக்கே இல்லை. பேசி முடித்ததும் தேதி, நேரம், கட்டடம், கூப்பிட்டவர் சொன்னது எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைப்பேன். பிறகு ஆபீஸ் வந்தும் அவர் நம்பரை மாற்றவில்லை. மாட்டிக்கிட்டவனுக்கு ஆபீஸ் குரல் வேணாம், வீட்டுக் குரல்தான் வேணும் என்பார்.

கண்ணை மூடுவதற்கு முன் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே அவர் கம்பெனியை உங்கள் இருவருக்கும் பாதிப் பாதியாக எழுதினார். சின்னவள் நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் நின்று பழுது பார்ப்பவள், பத்திரம் படிக்கப் பொறுமை இல்லாதவள். அதனால் அவள் பங்குக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடும் அதிகாரம் உனக்கு வந்தது. “அவ பங்கை முதல்ல பாரு, உன் பங்கை அப்புறம் பாரு. அதுக்குத்தான் உன்னை அங்க உட்கார வைக்கிறேன்” என்று உன்னிடம் சொன்னார். சின்னவள் தயங்கினாள். அண்ணன்தானேடி, வேத்து ஆளா என்று அதட்டிப் பேனாவை அவள் கையில் திணித்தவள் நான். அதற்காக என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன வருஷம் வீட்டில் போன் அடிப்பது குறைந்துகொண்டே வந்தது. மாதம் நாற்பது அழைப்பு வந்த இடத்தில் பத்து வந்தது, பிறகு இரண்டு. உன்னைக் கேட்டேன். “நம்பரை மாத்திட்டேன்மா. இனிமேலாவது நீ நிம்மதியாத் தூங்கு” என்றாய். நான் உருகிப் போனேன். என் பிள்ளைக்கு என் தூக்கத்தின்மேல் எவ்வளவு அக்கறை என்று பக்கத்து வீட்டு டீச்சரிடம் பீற்றிக்கொண்டேன். இப்போது அவர் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறேன்.

பதினோரு மாடிக் கட்டடத்து மேனேஜர் ஒருநாள் சின்னவளை வழியில் பார்த்து, கையால இனிமே வேலையே செய்ய முடியாதாமே என்று வருத்தப்பட்டிருக்கிறார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஒரு கடிதத்தைக் காட்டினார். நம் கம்பெனித் தாள், உன் கையெழுத்து. தங்கைக்குக் கை நசுங்கிவிட்டதால் எங்களால் இனிப் பராமரிக்க இயலாது, கீழ்க்கண்ட கம்பெனியிடம் ஒப்படைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. அந்தக் கீழ்க்கண்ட கம்பெனி உன் மனைவி பெயரில் இருக்கிறது. நீ மாற்றி ஒட்டிய நம்பரும் அந்தக் கம்பெனியுடையதுதான். அவளிடமும் இங்கே ஒரு கையெழுத்துப் போடு என்று மட்டும்தான் சொல்லியிருப்பாய்.

சின்னவளின் விரல் நசுங்கியது நிஜம். இருபதாம் நாள் கட்டோடு வேலைக்குப் போனதும் நிஜம். டாக்டர் தையல் போடும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. வேலியே பயிரை மேய்ந்தது என்று நிறையக் கேட்டிருக்கிறேன். பயிர் பட்டுப்போய்விட்டது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு மேய்ந்த வேலியை இப்போதுதான் பார்க்கிறேன்.

நம்மிடம் மிச்சம் இருப்பது மூன்று கட்டடம். ஆறு மெக்கானிக்கில் ஐந்து பேரை நீ இழுத்துக்கொண்டாய். குள்ளமாக இருப்பதால் அப்பா நட்டு என்று பெயர் வைத்தாரே, அவன் மட்டும் வர மறுத்துவிட்டானாம். பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிகிறது. “நானும் உருண்டு போயிட்டா லிஃப்டைத் தாங்க யாரும்மா இருக்கா” என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்னவள் போட்ட வழக்கில் நீ கோர்ட்டில் சொல்லியிருப்பதைப் படித்துக் காட்டினார்கள். தங்கைக்கு அடிபட்டதால், அவளையும் கேட்டுத்தான் வேலையை மாற்றிக் கொடுத்தாயாம். வேறு யாராவது கேட்டால் எவ்வளவு நல்ல அண்ணன் என்பார்கள். ஆனால் நோட்டில் ஒரு வரி இருக்கிறது. கண் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் பழக்கதோஷத்தில் நம் வீட்டுக்கே கூப்பிட்டார். “உள்ள வேற நம்பர் இருக்கும்மா. உங்க பையனே வந்து ஒட்டிட்டுப் போனாரு. எதுக்கும் உங்களை ஒரு வார்த்தை கேப்போம்னுதான்” என்றார். வழக்கம்போல அப்படியே எழுதி வைத்தேன். அவளுக்கு அடிபடுவதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி அது. உனக்கும் அந்த வரி தெரியும். கடைசியாக வந்திருந்தபோது நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உன் எழுத்து முத்து முத்தா இருக்கும்மா என்றாய்.

நோட்டைப் பேப்பர்காரனிடம் போடவில்லை. நேற்று சின்னவளிடம் கொடுத்துவிட்டேன். அப்படி ஒரு வரி இருப்பதே அவளுக்குத் தெரியாது, நான்தான் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். கத்துவாள் என்று நினைத்தேன். “அடிபடறதுக்கு முன்னாடியேவாம்மா?” என்று மட்டும் கேட்டாள். அடிபட்ட பிறகு நீ செய்தது என்றால் அதைக்கூட எப்படியாவது பொறுத்துக்கொள்ளலாம் என்று பார்த்திருக்கிறாள்.

வியாபாரம் வேற, குடும்பம் வேற என்கிறாய். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதான், இல்லை என்று சொல்லவில்லை. தனியாகப் பிழைக்க ஆசை என்றால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவளுக்கு எதிரிலேயே கடை விரித்திருந்தாலும் வாழ்த்தியிருப்பேன். அவளுக்காகக் கையெழுத்துப் போடும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவளுக்கு எதிராகப் போட்டாயே, அதுதான் ஆறவில்லை.

அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எழுத்து என்னுடையதுதானா என்று கேட்பார்களாம். வாட்ச்மேன் சொன்ன பையன் யார், இங்கே இருக்கிறாரா, காட்டுங்கள் என்பார்களாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்க, அழக் கூடாது என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். நான் பொய் சொல்லப் போவதில்லை. அதை நீ நிச்சயமாகத் தெரிந்துகொள்.

அதற்கு முன்னால் நீயே வந்து உன் வாயால் ஒப்புக்கொண்டால் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற மாட்டார்களாம். டிக்கெட் எடுத்து வா. தங்கை முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தால் வீட்டுக்குக்கூட வர வேண்டாம், நேரே கோர்ட்டுக்குப் போ.

குழந்தைக்குச் சளி என்றாயே, வெந்நீரே கொடுக்கச் சொல். நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன். நீ பிறந்தபோது பார்க்க வந்தவர்களிடமெல்லாம் உன்னைத் தூக்கிக் காட்டி, இவன்தான் என் பிள்ளை என்று சொன்னவள் நான். கூண்டில் ஏறி நின்று விரலை நீட்டி, அதையே இன்னொரு முறை சொல்ல வைத்துவிடாதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா