பத்து நிமிடச் சட்டம்

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் ரயிலேறிய மறுநாளே, தொட்டிலுக்கு மேலே ஒட்டிவிட்டுப் போன அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ‘அழுதால் பத்து நிமிடம் கழித்தே தூக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதி, அடியில் கோடு வேறு. உங்கள் பேத்திக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. ஆலையில் சேர இன்னும் நாளிருக்கிறது.

உங்களைப் பார்த்து வீறிட்டாள் என்று முகம் சுருங்கிப் போனீர்கள். போன மாதம்வரை யார் தூக்கினாலும் சிரித்தவள்தான். இப்போது தெரிந்த முகம் எது, தெரியாத முகம் எது என்று புரிந்துவிட்டது. அதைப் போய் திமிர் என்கிறீர்கள்.

அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்பும்போது நீங்கள் வந்து பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. அந்தச் சட்டத்தோடு வருவதென்றால் வரவேண்டாம்.

மகள்

ஜூன் 11

அன்பு மகளுக்கு,

முப்பது வருடம் ஆலையில் நேரம் குறித்தவன் நான். தாயில்லாப் பிள்ளையான உன்னையும் இதே கடிகாரத்தை வைத்துத்தான் வளர்த்தேன். மூன்றே நாளில் அழுகையை நிறுத்தினாய். இன்றுவரை நீ அழுது நான் பார்த்ததில்லை. கெட்டா போய்விட்டாய்? செல்லம் கொடுத்தால் தலையில் ஏறி உட்காரும்.

ஜூலை ஒன்றுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. புது அட்டவணையும் தயார்.

அப்பா

ஜூன் 17

அப்பா,

பள்ளிக்கூடத்தில் விழுந்து கை எலும்பில் விரிசல் விட்டபோது, முழுக்கைச் சட்டைக்குள் இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தேன். டீச்சர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிந்தது. ஏன் மறைத்தாய் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று தொட்டிலிலேயே கற்றுக்கொண்டிருந்தேன் அப்பா.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். மடியில் இருந்தவள் என் முகத்தையே பார்த்தாள். ஈரக் கன்னத்தைத் தொட்டாள். உதடு பிதுங்கி, அவளும் அழுதாள். இதற்கு யார் அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள்?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இந்த வீட்டில் அழுத பிள்ளையைத் தூக்கியும் வைத்துக்கொள்வோம். குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்டாயிற்று. டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.

மகள்

ஜூன் 23

அன்பு மகளுக்கு,

ரத்து செய்யவில்லை. பிடிவாதத்தில் நான் உனக்குச் சளைத்தவனா?

அந்த மூன்று நாளைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கதவுக்கு வெளியே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்து அழுதேன். உன் அம்மா போய் இரண்டு மாதம்தான். உன்னைத் தூக்கினால் உடைந்துபோவேன் என்று பயம். பத்து நிமிடத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு வர முடிந்தது. பிறகு அதையே சட்டமாக்கிவிட்டேன்.

உன் கையை நினைத்து இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

கடிகாரத்தை இங்கேயே வைத்துவிட்டு வருகிறேன். பேத்தி அழட்டும். அவளாக என்னிடம் வரும்வரை தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா

ஜூன் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

வாருங்கள். காப்பகத்து இடத்தை மட்டும் விடமாட்டேன். உங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

ஸ்டேஷனுக்கு இருவரும் வருகிறோம். அவள் கட்டாயம் அழுவாள். நானும் அழப்போகிறேன், உங்கள் கண்முன்னால், நாலு பேர் பார்க்க. அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னைச் சமாதானப்படுத்துவது உங்கள் வேலை.

உங்கள் மகள்