கருவாடு மணக்காத முட்டை

செப்டம்பர் 2

நர்ஸ், என் அக்காவின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

“இன்னாம்மா நிர்மலா, ஏழு மாசம் ஆவுது, ரத்தம் எட்டுகூட இல்ல. பிரசவத்துல ரத்தம் போறதுக்கு உன்கிட்ட இன்னா இருக்குது? இப்படியே வந்தா நாங்க இங்க பாக்க மாட்டோம். கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிடுவோம். அங்க ரத்தம் ஏத்துவாங்க.”

மாத்திரை தவறக்கூடாது. கீரை. முட்டை.

கீரையைப் பார்த்தாலே குமட்டுகிறது அவளுக்கு. கறி வாசனைக்கு எழுந்து ஓடுகிறாள். மிளகு தூவிய அவித்த முட்டை மட்டும் வயிற்றில் தங்குகிறது.

ஆக, முட்டை.

செப்டம்பர் 3

எங்களிடம் மூன்று கோழிகள். செவலை, கருப்பி, சாம்பல். முட்டைகளை அம்மா அரிசிப் பானைக்குள் புதைத்துச் சேர்க்கிறாள், அடைக்கு வைப்பதற்காக.

“குஞ்சு எடுத்தா பொங்கலுக்கு விக்கலாம்டா.”

“அக்காவுக்கு?”

அம்மா பானைக்குள் கைவிட்டாள். ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். சற்று யோசித்தாள். பிறகு பானையையே என் பக்கம் தள்ளினாள்.

செப்டம்பர் 5

இன்று ஒரு முட்டையைத் தட்டில் உடைத்துப் பார்த்தேன். மஞ்சள் கரு வெளுத்திருந்தது. ரேஷன் அரிசியும் மீந்த சோறும் தின்றால் வேறு எப்படி இருக்கும்?

கோழி தின்பது முட்டையாகிறது. முட்டை அக்காவாகிறது. அக்கா குழந்தையாகிறாள். ஒரு வரிசை. தத்துவம் படித்த இரண்டு வருடத்தில் எதன் தொடக்கத்திலும் நான் நின்றதில்லை. இதில் நிற்கலாம்.

செப்டம்பர் 8

சந்தையில் தூள் கருவாடு வாங்கி வந்தேன். இடித்து, தவிட்டில் பிசைந்து வைத்தேன். கோழிகளுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். ஒரு கை போட்டதற்கே இந்தக் கொண்டாட்டம் என்றால் மூன்று கை போட்டால் என்ன?

செப்டம்பர் 15

தோல்வி.

அக்கா முட்டையைக் கடித்தாள். முகம் மாறியது. ஓடினாள். திரும்பி வந்து சுவரில் சாய்ந்தபடி, “டேய், கருவாட்டு சந்தையே என் வாயில எறங்குதுடா” என்றாள்.

நான் தின்று பார்த்தேன். உண்மை. ஓட்டுக்குள் மீன்.

“இனிமே முட்டைன்னு எங்கிட்ட வராத. நீயே துன்னு.”

அவள் வயிறு ஏற்ற ஒரே பண்டம். அதையும் நானே கெடுத்தேன்.

செப்டம்பர் 16

கருவாட்டை நிறுத்திவிட்டேன். அம்மாவின் குழம்புக்குப் போயிற்று. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருக்கிறாள்.

செப்டம்பர் 19

பக்கத்துக் கொல்லை ஆதிமூலம் மாமா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். “தம்பி, மக்காச்சோளத்துல படைப்புழு ஜாஸ்தியா கீது. நாளைக்கு மருந்து அடிக்கிறேன். கோழிய இந்தப் பக்கம் வுடாத, சொல்லிட்டேன்.”

என் கோழிகள் நாளெல்லாம் மேய்வது அந்தக் கொல்லையில்தான். மருந்தில் செத்த புழுவைக் கொத்தினால்? கோழி சாகும். சாகாவிட்டால் இன்னும் மோசம். அந்த வரிசை நல்லதை மட்டும் ஏற்றிச் செல்வதில்லை.

மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூன்றையும் அடைத்தேன். கீரி தள்ளாமல் இருக்க மேலே ஒரு கல்.

செப்டம்பர் 22

முட்டை இல்லை. மூங்கில் இடுக்கு வழியாக மூன்று கண்கள் என்னையே பார்க்கின்றன. கூண்டுக்குள் இருப்பவருக்கு வெளியே இருப்பவன்தான் குற்றவாளி.

செப்டம்பர் 23

சரி. அவை கொல்லைக்குப் போக முடியாது. கொல்லையை அவற்றிடம் கொண்டுவருகிறேன்.

வேலிக் கம்பியும் பழைய வலையும் கட்டி, வேப்பமரத்தைச் சுற்றி ஓர் அடைப்பு. பருந்துக்கு மேலேயும் வலை. பகலில் இதற்குள், பொழுது சாய்ந்தால் பஞ்சாரம். உடைத்த சோளம், கரியாலூர் மலையிலிருந்து வந்த சாமைத் தவிடு, கைநிறைய முருங்கைக்கீரை. மரவள்ளித் தழை வேண்டாம், பச்சையில் நஞ்சு. ஓடு கெட்டிப்பட, வறுத்து நொறுக்கிய முட்டை ஓடு.

கோழிகள் கொத்தப் புழு வேண்டுமே: ஓட்டைப் பானைக்குள் ஈரச் சாணி, கிழிந்த சாக்கு, வைக்கோல். அடைப்புக்குள்ளேயே வேலியோரத்தில் கவிழ்த்தாயிற்று.

செப்டம்பர் 24

பானையைத் தூக்கினேன். கரையான்! தரை முழுக்க, வெள்ளையாக, நெளிந்துகொண்டு! செவலை என் காலை மிதித்துக்கொண்டு பாய்ந்தது.

“எம்.ஏ. படிச்சிட்டு கரையான் வளக்கிறான்டி என் புள்ள” என்று தெருவுக்கே சொன்னாள் அம்மா. குரலில் பெருமைதான். சத்தியமாக.

அக்டோபர் 4

தினம் ஒரு முட்டையை நான்தான் தின்று பார்க்கிறேன். மீன் போய்விட்டது. முழுதாக. ஆனால் அக்கா ஓட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள்.

இன்று வாதாடவில்லை. அவள் முன் தட்டை வைத்து ஒன்றை உடைத்தேன்.

“இன்னாடா இது, பரங்கிப்பழமா?”

அப்படி ஒரு நிறம். மஞ்சள் இல்லை, ஆரஞ்சு. உடையாமல் உருண்டு நின்றது. அவள் குனிந்தாள். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

“மெளகு போட்டு ஒண்ணு அவி. நாறுச்சு, உன் தலையிலதான் கொட்டுவேன்.”

கொட்டவில்லை.

அக்டோபர் 5

தின்றாள்.

அக்டோபர் 6

தின்றாள். மாத்திரையும் தங்கியது.

அக்டோபர் 27

ரத்தம் பத்தைத் தாண்டிவிட்டது! நர்ஸ் சீட்டை இருமுறை பார்த்தார். “இன்னாம்மா சாப்ட்ட?”

“நீங்க குடுத்த மாத்திரைங்க. அப்புறம், எங்க தம்பி கோழிக்கு ஆக்கிப் போடுறான். கோழி அத எனக்கு அனுப்புது.”

மாத்திரையா, முட்டையா? மாத்திரைக்குத்தான் பெரும்பங்கு இருக்கும். இருக்கட்டும். பேருந்தில் அக்காவின் கீழிமையைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். சிவப்பு.

நவம்பர் 2

காலையில் பஞ்சாரத்தின் கல் நகர்ந்திருந்தது. முட்டை இல்லை. கீரி! அவசரமாகத் தூக்கிப் பார்த்தேன். மூன்று கோழிகளும் இருந்தன. ஓர் இறகுகூட உதிரவில்லை.

அடுப்படியில் அக்கா. கையில் மிளகுத்தூள் டப்பா. வாய் நிறைய.

“கீரி வந்துச்சாடா?”

நவம்பர் 11

பெண். இங்கேயே, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே. ரத்தம் ஏற்றவில்லை. நான் மாமன்.

வேறு எதுவும் எழுத வரவில்லை.

நவம்பர் 19

செவலை அடை காக்க உட்கார்ந்துவிட்டது. தொட்டால் சீறுகிறது.

அம்மா அரிசிப் பானையைத் திறந்தாள். கருப்பியும் சாம்பலும் இட்டவை, சில நாட்களாகச் சேர்ந்தவை. ஒவ்வொன்றாகத் துடைத்துச் செவலையின் கீழே வைத்தாள். கடைசி ஒன்றை வைக்கப் போனவள் நிறுத்தி என்னிடம் நீட்டினாள்.

“பால் குடுக்கிறவளுக்கு.”

வேலியோரம் போய் இன்னொரு பானையைக் கவிழ்த்துவிட்டு வந்தேன். குஞ்சுகள் வந்தால் ஒரு கரையான் பானை போதாது.