கீழ்க்கம்பியை அறுத்தவன்

ஆவணி 6, செவ்வாய்

காலை 9.25க்குச் செய்தி. குவாட்டர்ஸ் போன். பொலிஸ் சார்ஜன்: "ஆள் பிடிபட்டிட்டான். கம்பியும் அம்பிட்டிட்டுது. ஒருக்கா வந்து பாருங்கோ." மழை இல்லை. சோளகக் காற்று புழுதியை அள்ளிக் கொட்டுகிறது.

பெயர் நடராசா. வயது பத்தொன்பது. உரும்பிராய். என் மாமி வீட்டிலிருந்து ஐந்தாவது படலை.

என் பெண்சாதி பூரணம் போய் இன்றைக்கு இருபத்திரண்டு நாள். பிள்ளையும் அன்றே.

கோட்டில் நீதவான் கேட்பார். ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

அன்று விடிய ஏழரைக்கு அவள் தாய்வீட்டில், உரும்பிராயில், பிள்ளை பிறந்தது. அவளுக்கு இரத்தம் நிற்கவில்லை. அவள் தமையன் தபால் கந்தோருக்கு ஓடினார், சுன்னாகத்தில் இருக்கிற எனக்குப் போனில் சொல்லி டொக்டரின் காரை அனுப்புவிக்க. போன் லயின் செத்திருந்தது. மாட்டுவண்டி கட்டினார்கள், தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு. சுன்னாகம் சந்திக்கு வரமுதல் முடிந்துவிட்டது.

நான்? போன் அடிக்கவில்லை, ஆகவே எல்லாம் சரி என்று நினைத்தேன். சவரம் செய்யப் போயிருந்தேன்.

லயினை அறுத்த இடத்தை மறுநாள் நானே போய்க் கட்டினேன். என் பகுதி, என் வேலை; போன் லயின்காரன் நான்.

பின்னேரம் பொலிஸ். மேசையில் செப்புக்கம்பிச் சுருள், அவன் வீட்டுப் புகையிலைக் கொட்டிலில் எடுத்தது. நடுவில் ஒரு பிணைப்பு, இரண்டு துண்டை முறுக்கிக் கட்டியது. நான் இடக்கைக்காரன். என் கடைசிச் சுற்று மற்ற லயின்காரரின் சுற்றுக்கு எதிர்ப்பக்கம் போகும். கையெழுத்து மாதிரி. என்னுடையதுதான்.

சார்ஜன்: "திங்கக்கிழமை கோட்டிலை இதைச் சொன்னால் போதும். மறியல்தான், ஜெயிலுக்குப் போவான்."

சோறு: இல்லை. தேத்தண்ணி இரண்டு.

ஆவணி 7, புதன்

மச்சான் வந்தார், பூரணத்தின் தமையன். பள்ளிக்கூட மாஸ்டர். குடையை மடக்கவே இல்லை, கதைக்கத் தொடங்கிவிட்டார்.

"நான் உவனைப் படிப்பிச்சனான். கணக்கிலை புலி. மலாயாவுக்குப் போறதெண்டு பெட்டியும் வாங்கி வைச்சவன். அங்கை ஆளைக் குறைக்கிறாங்கள், தகப்பனையே திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். புகையிலை விலைப்படாமல் பூஞ்சணம் பிடிக்குது. இங்கிலீசு படிச்சவனுக்கு மண்வெட்டி பிடிக்க வெக்கம். சந்தியிலை அவனை மாதிரி நாலு பேர், நாலு பேருக்கும் வேலையில்லை. பிறகு?"

"பிறகு கம்பி அறுக்கிறதோ?"

"களவுக்கு அவன்ரை குணம் மட்டும் காரணமில்லை எண்டுதான் சொல்லுறன்."

"அதே வீட்டிலை தமையன் ஒருத்தன் இருக்கிறான். அதே தகப்பன், அதே புகையிலை. விடிய எழும்பித் தோட்டத்துக்குத் துலா மிதிக்கிறான். அவன் ஏன் அறுக்கேல்லை?"

மச்சான் அப்போதுதான் குடையை மடக்கினார். பிறகு: "அவள் என்ரை தங்கச்சி. எனக்கு எரியேல்லை எண்டு நினைக்கிறீரோ?"

லயினில் பிழை என்றால் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிப்பேன். இந்தக் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவில் என்று வந்து முடியும். மச்சான் காட்டும் பிழை மலாயாவில் தொடங்கிக் கடல் முழுக்கக் கிடக்கிறது. அதை யார் மறியலில் போடுவது? எனக்கு ஒரு ஆள் வேண்டும்.

வேண்டியது:
மறியல். கனகாலம்.
அவன் தாய் படலையில் நின்று பார்க்க வேண்டும்.
வீட்டில் ஒன்று நடந்து, அவனுக்குச் சொல்லி அனுப்ப வழியில்லாமல் போக வேண்டும்.

ஆவணி 8, வியாழன்

பொலிசில் வாக்குமூலம். நடராசா வாங்குப் பலகையில் இருந்தான். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. காலில் சப்பாத்து, பழசு, துடைத்து வைத்திருந்தான். அந்தச் சப்பாத்தைக் கண்டதும் அடிக்க வேண்டும் போல இருந்தது.

"அண்ணை, கீழ்க்கம்பி செத்த கம்பி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? பூரணமக்கா வீட்டுக் கொடிக்கும் அதிலைதானே வெட்டிக் குடுத்தனீங்கள்?"

சார்ஜன்: "பொத்தடா வாயை! இங்கிலீசுக் கள்ளன், நியாயம் பிளக்கிறார்."

நான் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். பேனை நன்றாக எழுதியது.

அவன் சொன்னது உண்மை. அந்தக் கம்பங்களில் இரண்டு கம்பி. மேலே லயின். கீழே பழைய கம்பி, உயிரில்லாதது. கேட்டவர்களுக்கெல்லாம் "செத்ததுதான், எடுங்கோ" என்றிருக்கிறேன். பந்தலுக்கு, வாளிக்கு, வேலிக்கு. மாமி வீட்டில் உடுப்புக் காயப்போடும் கொடிக்கு நானே ஏறி வெட்டினேன். பூரணம் கீழே நின்று, "விழுந்து கிழுந்து போகாதேங்கோ" என்றாள்.

ஆனியில் பனையோலை மேற்கம்பியில் முட்டத் தொடங்கியது. ஆகவே கீழ்க்கம்பியின் வெட்டுகளைப் பிணைத்து லயினை அதற்கு மாற்றினேன். கந்தோர்ப் புத்தகத்தில் எழுதினேன். ஊருக்குச் சொல்லவில்லை. எந்த லயின்காரன் ஊருக்குச் சொல்கிறான்?

ஆவணி 9, வெள்ளி

உரும்பிராய். மாமி: "அந்தியேட்டி முடியமுதல் கோடேறிச் சத்தியம் பண்ணாதேங்கோ தம்பி. செத்தவீட்டுத் துடக்கு." முப்பத்தோராம் நாள் கிரியைக்கு இன்னும் ஆறு நாள். கோடு துடக்குப் பார்க்காது மாமி என்றேன்.

மச்சான் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். நடராசாவின் தகப்பன் வந்து, மகன் செத்த கம்பியென்று நினைத்துத்தான் எடுத்தான் என்று அழுதிருக்கிறார்.

"கீழ்க்கம்பிக்கு எப்ப உயிர் குடுத்தனீர்?"

"ஆனியிலை."

"ஊரிலை ஆருக்கும் தெரியுமோ?"

"இல்லை."

கொடிக்கம்பியைப் பார்த்தார். பிறகு என்னை. "செத்த கம்பியெண்டு நினைச்சு எடுத்தவனெண்டால் வெறும் களவு. கண்டிச்சு விட்டிடுவினம். தெரிஞ்சு லயினை அறுத்தவனெண்டால் மறியல். ஊரே எடுத்த கம்பி, மச்சான். களவெண்டு அவனுக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள் போய் அவன்ரை வழக்குப் பேசுற பிறக்கிராசிக்குச் சொல்லுங்கோவன்."

"நான் சொல்லமாட்டன். அவள் உம்மடை பெண்சாதி. நீர்தான் சொல்லவேணும். நாளைக்கு நாலு மணிக்குத் தபால் கந்தோரிலையிருந்து போன் எடுப்பன். ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை. அதுக்குப் பிறகு கேக்கமாட்டன்."

சைக்கிளில் திரும்பும்போது கம்பங்களை எண்ணினேன். பழக்கம்.

ஆவணி 10, சனி

காற்று விழுந்துவிட்டது. போன் பட்டறி மாற்றினேன். உடுப்புத் தோய்த்தேன். புத்தகத்தை எடுத்து ஆனி மாதப் பக்கத்தை ஒருமுறை வாசித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கிழிக்கவில்லை. கேட்டால் காட்டுவேன். கேட்க ஆளில்லை.

ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அதைத் தொட்டிருக்கமாட்டான். எழுதிவிட்டேன். இது இந்தக் கொப்பிக்குள் இருக்கட்டும்.

திங்கள் கோட்டில் பிணைப்பு என்னுடையது என்று மட்டும் சொல்வேன். அது பொய் இல்லை. அவன் போகட்டும். பிழைகாரர் நானும் அவனும் இரண்டு பேர் என்றால் ஒருவனாவது உள்ளே போக வேண்டும்.

3.50. மச்சான் இப்போது தபால் கந்தோர்ப் படியில் ஏறிக்கொண்டிருப்பார். குரலைக் கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவேன், அவளுடைய குரல் சாடை அவருக்கும் உண்டு.

போனின் இரண்டு கம்பியையும் கழற்றிவிட்டேன்.